மத்திலா வீட்டு பாஸ்வேர்ட்

என் கணவன் ரெய்னோ மத்திலா கடைசியாக வேலைக்குப் போன நாளில் வானம் பொத்துக்கொண்டு பனி கொட்டியது. வாழ்நாளெல்லாம் இந்த வட்டாரத்துச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். ஓய்வு பெறுகிற அன்றைக்காவது அந்தப் பனி அவனுக்குக் கொஞ்சம் மரியாதை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டான். நான் ஓட்டும் பள்ளிப் பேருந்துக்கு விடுமுறை. மிச்சிகனின் இந்த வடக்கு மூலையில் பள்ளிக்கூடத்தையே மூடுகிறார்கள் என்றால் எப்படிக் கொட்டியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சாயங்காலம் ஊர் மன்றத்தில் நடக்கவிருந்த அவனுடைய வழியனுப்பு விழாவை யாரும் தள்ளிப்போடவில்லை. பனிக்குப் பயந்து எங்கள் ஊர்க்காரர்கள் ஓசிச் சாப்பாட்டை விட்டதாகச் சரித்திரமே கிடையாது.

விழாவில் ஒரு படம் காட்டுவதாக ஏற்பாடு. ரெய்னோவுக்கு அது தெரியாது. குளிர்காலம் பூராவும் அவன் லாரி போகிற வழியில் வீடு வீடாக ஏறி இறங்கி, அவனைப் பற்றி ஆளாளுக்குச் சொல்வதைப் போனில் பிடித்தேன். போன் நிரம்ப நிரம்ப என் பழைய லேப்டாப்பில் கொட்டி வைத்தேன். தனியாக இருக்கும் சில்வியா, "என் வாசல்கிட்ட வந்தா மட்டும் பனி தள்ளுற அலகைத் தூக்கிக்குவான், ஒரு நாளும் என் வழியை அடைச்சதில்ல" என்று சொல்லிவிட்டு அழுதார். பிரசவ வலியோடு காரில் மாட்டிக்கொண்ட ஒருத்தி, அவன் லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கதையை, அன்று பிறந்த மகளை மடியில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

நானும் அவன் லாரிக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள்தான். தினமும் காலையில் என் பேருந்துக்கு முன்னால் அவன் போவான். எத்தனையோ குளிர்காலம் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "காபி குடிக்கலாமா?" என்றான். அந்த மாதம் அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

நான் பிடித்ததையெல்லாம் கோத்துப் படமாக்கித் தருவதாகச் சொன்னவள் கைசா. ரெய்னோவின் முதல் தாரத்து மகள். அவளுடைய அம்மா, பட்ட பனி போதும் என்று அரிசோனாவுக்குப் போய்விட்டாள். நான் இந்த வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்தபோது கைசாவுக்குப் பதினைந்து வயது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. "நன்றி லோர்னா", "மன்னிச்சுக்கங்க லோர்னா" என்று வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள் போலப் பேசுவாள். ஒரு தடவையாவது இவள் என்னோடு சண்டை போட மாட்டாளா என்று நான் ஏங்கியதுண்டு. வீட்டு ஆளோடுதானே சண்டை போடுவார்கள்?

அன்று மதியம் என் லேப்டாப் சமையலறை மேசையில் இருந்தது. கைசாவின் பெரிய கம்ப்யூட்டர் மாடியில். நான் பிடித்தவை அத்தனையும் கீழேயிருந்து மேலே போகவேண்டும். எங்கேயோ மரம் விழுந்து இணையம் அறுந்துபோயிருந்தது. பென் டிரைவ் அவள் ஜீன்ஸ் பையிலிருந்து வாஷிங் மெஷினுக்குப் போய், பளபளவென்று செத்துப்போயிருந்தது.

"போன்ல ஏத்தி ஏத்தி இறக்கலாமே?" என்று கேட்டேன்.

"அது முடியறதுக்குள்ள ஈஸ்டர் வந்துடும், லோர்னா" என்றாள் கைசா. "வெளியே போற வழிதான் அறுந்திருக்கு. வீட்டுக்குள்ள வைஃபை நல்லாத்தான் இருக்கு. உங்க கம்ப்யூட்டரும் என்னோடதும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டா போதும், அஞ்சு நிமிஷ வேலை."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. புதுச் சம்பந்திகள்கூட அவ்வளவு முறைத்துக்கொண்டு இருக்கமாட்டார்கள்.

மாடிப்படி உச்சியில் நின்று அவள் கத்துவாள். கீழே நான் செய்வேன்.

"ஃபோல்டரைப் பகிர்ந்தீங்களா?"

"பகிர்ந்தாச்சு!"

"மத்த கம்ப்யூட்டர் தேடறதை ஆன் பண்ணீங்களா?"

"பண்ணியாச்சு!"

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. நான் மட்டும் தன்னந்தனியா உக்காந்திருக்கேன்."

அணைத்துப் போட்டோம். வைஃபை பெட்டியைப் பிடுங்கிச் செருகினோம். ஃபயர்வால் என்கிற பாதுகாப்புச் சுவரைக் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தோம். பழைய மெஷின் என்பதால் கெஞ்சியும் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

"எனக்கு இந்த வீட்டுல பிரிண்டரே பேச மாட்டேங்குது, உன் கம்ப்யூட்டர் பேசிடுமா?" என்று நான் மேலே பார்த்துக் கத்தினேன். உண்மைதான். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தப் பிரிண்டருக்கும் எனக்கும் ஜாதகப் பொருத்தமில்லை. ஒரு தாள் வேண்டுமென்றாலும் பள்ளி அலுவலகத்தில் போய்த்தான் எடுப்பேன்.

மேலே ஒரு படி இறங்கும் சத்தம் கேட்டது.

"பிரிண்டரும் தெரியாதா?" என்றாள் கைசா. குரல் மாறியிருந்தது. "லோர்னா, நீங்க எந்த வைஃபையில இருக்கீங்க?"

"நம்ம வீட்டு வைஃபையிலதான். பக்கத்து வீட்டுலயா திருடப் போறேன்?"

"பேரைப் படிங்க."

"மத்திலா-வியராஸ்."

தடதடவென்று படியிறங்கி வந்தாள். வந்தவள் என் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுலயா இருக்கீங்க இத்தனை வருஷமா?"

"நீதானே குடுத்தே? முதல் நாள் சாப்பிட வந்தப்ப."

"வியராஸ்னா என்னன்னு நெனச்சீங்க?"

"உங்க பரம்பரைப் பண்ணையோட பேரு. பின்லாந்துல இருந்தது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. எங்கள் ஆட்கள் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள். எனக்குப் பின்னிஷ் மொழியில் காபியும் ரொட்டியும் தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் இந்தப் பெயரின் மேல் எனக்கு ஆசை. நல்ல தேவதாரு பலகையில் வியராஸ் என்று சூடு போட்டு எழுதி, கொல்லைப்புறத்தில் நீராவிக் குளியலுக்கு இருக்கும் சௌனா அறைக் கதவுக்கு மேல் நானே ஆணியடித்து மாட்டியிருந்தேன்.

"லோர்னா, வியராஸ்னா விருந்தாளி."

எனக்கு உடனே புரியவில்லை.

"வீட்டுக்கு வர்றவங்களுக்குன்னு தனியா வச்சிருக்கிற வைஃபை அது. அதுல இருந்தா இணையம் கிடைக்கும், அவ்வளவுதான். வீட்டுல இருக்கிற எந்த மெஷினும் கண்ணுக்குத் தெரியாது."

அதாவது, கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்து, உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது. கல்யாணம் ஆகி, இந்த வீட்டுக் கூரையில் பனி வழித்து, கழிப்பறை அடைத்தால் கையை விட்டு எடுத்து, கடைசியில் நான் விருந்தாளி! என் கையாலேயே பலகை எழுதி மாட்டிக்கொண்ட விருந்தாளி! அதைப் பார்த்துவிட்டு ரெய்னோ, "நல்ல மனசு உனக்கு" என்று சொன்னது அப்போதுதான் விளங்கியது. வருகிறவர்களை வரவேற்கிறேன் என்று நினைத்திருக்கிறான், மரமண்டை.

முகமெல்லாம் சூடேறிவிட்டது எனக்கு. "சரி, வீட்டு வைஃபைக்கு மாத்து" என்றேன்.

கைசா நகரவில்லை. "இல்ல... வேற வழி பார்க்கலாமே."

"என்ன வழி? நீ விருந்தாளி பக்கம் வந்துடேன்."

"விருந்தாளிக்கு விருந்தாளியும் தெரியாது." அவள் கழுத்து சிவந்துகொண்டிருந்தது. "சரி, பாஸ்வேர்டை நான் அடிச்சுடறேன். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

எனக்கு வந்ததே கோபம்! "திரும்பிக்கணுமா? என் சமையலறையில, என் லேப்டாப்புல நீ சாவி போடுவே, நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா? உங்கப்பாவுக்காக நான் ஊரெல்லாம் அலைஞ்சு புடிச்சது அதுல இருக்கு. அவர் முன்னால இன்னைக்கு அது ஓடணும். ஆனா பாஸ்வேர்டை எங்கிட்ட வாய்விட்டுச் சொல்ல உனக்கு மனசு வரலையா? சொல்லு. நான்தான் அடிப்பேன்."

"வேண்டாம், லோர்னா."

"சொல்லுடீ!"

கைசா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"லோர்னா, வீட்டுக்குப் போ."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இத்தனை வருஷத்து நன்றிக்கும் மன்னிப்புக்கும் அடியில் இருந்தது இதுதானா?

"என்ன சொன்னே?"

"ஐயோ, உங்களைச் சொல்லல!" அவள் கிட்டத்தட்ட அலறினாள். "பாஸ்வேர்டே அதான்! லோர்னா வீட்டுக்குப் போ. நடுவுல இடம் விடாம, எல்லாம் சின்ன எழுத்து. அன்னைக்கு நீங்க சாப்பிட்டுட்டுக் கிளம்பினதும் மாத்தினேன். பதினஞ்சு வயசு எனக்கு, கோபம்! அப்பாவோட மெஷின்லயும் நானே போட்டுக் குடுத்துட்டேன், அவருக்குத் தெரியாது. அப்புறம் உங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு. ஆனா இதை எப்படி வந்து சொல்றது? பிடிக்கப் பிடிக்க இன்னும் சொல்ல முடியாமப் போச்சு."

முதலில் என் வயிறு குலுங்கியது. அப்புறம் தோள். அப்புறம் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைசா என்னைப் பயந்து பார்த்தாள். பிறகு அவளும் ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவே மாத்திடறேன்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மாத்தினே, காதைத் திருகிடுவேன். இந்த வீட்டுல என் பேர் எழுதியிருக்கிற ஒரே இடம் அதுதான்."

உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, ரசித்து அடித்தேன். என் கிழட்டு லேப்டாப் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டது: நீங்கள் இருப்பது எங்கே? வீடா, அலுவலகமா, பொது இடமா?

நான் கைசாவைப் பார்த்தேன்.

"என்னை எதுக்குப் பார்க்கறே?" என்றாள் அவள். "வீட்டை அமுக்கு."

அமுக்கினேன். மாடியிலிருந்த அவளுடைய கம்ப்யூட்டரின் பெயர் என் திரையில் வந்து நின்றது. அதற்குக் கீழே பிரிண்டர். சில்வியா, அந்தக் குழந்தை, பால் பண்ணைக்காரர், பாதிரியார், நான் பிடித்த எல்லாரும் திரையில் நகரும் பச்சைக் கோட்டில் ஏறி மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அந்த சந்தோஷத்தில் அடுத்த வாரப் பேருந்து அட்டவணையை அச்சடிக்கச் சொன்னேன். பக்கத்து அறையில் பிரிண்டர் கர்ர் என்று பேசியது.

"இப்ப அதுவா முக்கியம்?" என்று கைசா சீறினாள். "படம் ஏறிக்கிட்டு இருக்கு, மெஷினைத் தொடாதே! போய் விழாவுக்கு ரொட்டியைக் கட்டு!"

"சமையல்கட்டுல எனக்கு உத்தரவு போடறியா நீ?"

ஆஹா, சண்டை! மன்றத்துக்குப் போகும் வழியெல்லாம் போட்டோம். ஏலக்காய் ரொட்டியை மறந்தது யார் என்று போட்டோம். படம் ஓடும்போது சத்தம் போதுமா போதாதா என்று, ஊரே உஸ் உஸ் என்று அடக்கும்வரை போட்டோம். ரெய்னோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான், பூட்ஸில் பனி உருகிக்கொண்டிருந்தது. சில்வியா பேச ஆரம்பித்ததும் தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டான். படம் முடிந்தும் எடுக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவன் முதுகில் தட்டித் தட்டியே அவனை எழுப்பி நிறுத்தினார்கள். ஆளாளுக்குக் காசு போட்டு வாங்கிய புதுப் போனைக் கையில் திணித்தார்கள். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. இணையமும் வந்துவிட்டது. என்னைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு முதன்முறையாக ரெய்னோ பனி மூடிய ஒரு காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து காபி குடித்தான். கையில் புதுப் போன். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அதைத் தடவிக்கொண்டிருந்தான். எதிரே கைசா ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பாஸ்வேர்ட் கேக்குது" என்றான். "நம்ம வீட்டு பாஸ்வேர்ட் என்ன?"

கைசாவின் ரொட்டி காபிக்குள்ளேயே விழுந்துவிட்டது. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, குரலை எவ்வளவு நிதானமாக வைக்க முடியுமோ அவ்வளவு நிதானமாக வைத்துச் சொன்னேன்.

"லோர்னா, வீட்டுக்குப் போ."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் காலில் வீட்டுச் செருப்பு, இடுப்பில் ஏப்ரன், கையில் கரண்டி. கைசாவைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் கேட்டான்:

"வீட்டுலதானே இருக்கே?"