நிலா விளக்குக்கு முறை வைத்தவர்கள்

போன தை மாதம் வெள்ளிமலையில், தேவதர்ஷினி படித்துக்கொண்டிருந்த படக்கதையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, சொம்பைக் காட்டித் தண்ணீர் கேட்டாள். கள்ளக்குறிச்சி புத்தகக் கண்காட்சியில் வாங்கிய புத்தகம் அது. சாம்பலும் நீலமுமாகப் படங்கள். வசனம் ஒன்றுகூட இல்லை. நிலாவிலிருந்து எல்லோரும் கிளம்பிவிட, என்றோ வரப்போகிற ஒரு கப்பலுக்காக ஒருத்தி மட்டும் தங்கி விளக்கு எரிக்கிறாள். கப்பல் வராமலே கதை முடிந்துவிடும். கணவன் வேடியப்பன் தினமும் ஜீப் ஓட்டப் போனபின் பேச்சுத்துணை இல்லாத தேவதர்ஷினி அதையே திரும்பத் திரும்பப் படித்து அழுதாள். அந்த ஈரத்தில் பக்கம் இளகித்தான் விளக்கு எரித்தவள் இறங்கி வந்திருப்பாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

“இன்னாம்மா, இந்த வெயில்ல இம்மாம் கனத்த டிரஸ்ஸ போட்டுக்கினு வந்திருக்க?” என்று மட்டும் வேடியப்பன் கேட்டான். தேவதர்ஷினி அவளுக்கு ஒரு புடவையும் எழில்மதி என்ற பெயரும் கொடுத்தாள். மாசி முடிவதற்குள் அவள் தமிழ் பேசினாள், சாமை புடைத்தாள். சிரிக்கும்போது தரையிலிருந்து ஒரு முழம் எழும்பினாள் என்பதால், கூரை தாழ்ந்த இடங்களில் அவளிடம் யாரும் வேடிக்கை பேசுவதில்லை.

பங்குனியில் புத்தகத்தின் கடைசிப் பக்கம் மாறியிருந்தது. தூரத்தில் கப்பல் வந்துகொண்டிருந்தது. விளக்கு அணைந்து கிடந்தது. எழில்மதி தன் பழைய உடையை எடுத்தாள்.

“இருட்டுல அவங்க எங்கக்கா எறங்குவாங்க? நான் போறேன்.”

தேவதர்ஷினி புத்தகத்தை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். “போனா நீ அங்கியே தனியா கெடப்ப. நான் விட மாட்டேன்.”

வேடியப்பன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தான். “ஒரே ஆளு ஏன் போவணும்? ஊர்ல இத்தினி பேரு இருக்கோம். முறை வெச்சிக்கலாம்.”

அப்படியே செய்தார்கள். புத்தகத்தை விரித்து வைத்து, கிணற்றில் இறங்குவதுபோலக் காலை விட்டு, உடை ஒன்றுதான் என்பதால் ஒவ்வொருவராகப் போய் விளக்கேற்றினார்கள். ஊரில் நடவுக்குப் போகும் பச்சையம்மாள் அங்கே பாடிய நடவுப் பாட்டு பக்கம் முழுக்க எழுத்தாக விழுந்தது. திரும்பி வந்தவர்கள் தலையில் சாம்பலோடு, இடம் அமைதியாக இருக்கிறது, ஒரு டீக்கடை இருந்தால் தேவலை என்றார்கள்.

சித்திரையில் கப்பல் இறங்கியது. அதில் திரும்பி வந்த நிலாக்காரர்கள் வெளுத்த முகங்களோடு ஒவ்வொருவராகப் பக்கத்திலிருந்து வாசலுக்கு ஏறி வந்தார்கள். எழில்மதி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தேவதர்ஷினி எல்லோருக்கும் சோறு போட்டாள். மறுநாள் காலை அவர்களில் பாதிப் பேர் ஊர் பார்க்கக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறினார்கள். “படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு” என்றார் கண்டக்டர். அவர்கள் உள்ளே போனார்கள்.