நீலன் சாகும் பக்கம்

யூனிஸ் கதவைத் திறந்தபோது, தன் படக்கதையின் ஆறு இதழ்களில் அவள் வரைந்திருந்த மந்திரவாதி வாசலில் நின்றார். புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு, கீழே தொங்கும் காது, தூங்காத கண் எல்லாம் அவள் தாளில் இருந்தபடியே இருந்தன. கழுத்து மட்டும் ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. அதை அவள் வரைந்ததில்லை.

அவர் பெயர் காசிலிங்கம். ஏரல் பக்கத்தில் செய்வினை எடுப்பவர். யூனிஸ் பிளஸ் டூ படிக்கும்போது, பாளையங்கோட்டையில் அவர்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கழிப்புக் கழிக்க வந்தார். நோயாளியின் சாயலில் மாவுப் பாவை பிடித்து, தலையைச் சுற்றி, முச்சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். நோய் பாவைக்குள் இறங்கிவிடும். பாவையை யார் மிதிக்கிறார்களோ அவரோடு அது போய்விடும் என்று நம்பிக்கை. யூனிஸின் வீடு வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள்தான். இருந்தும் மறுநாள் அவள் அப்பா பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்று ஜன்னல் வழியே பார்த்த முகத்தைத்தான் தன் படக்கதையில் நீலன் என்கிற மந்திரவாதிக்கு வைத்தாள். நீலன் குடிப்பான், பேய்களிடமும் பொய் சொல்வான், ஒவ்வொரு கதையிலும் தப்பிவிடுவான். அவன் தப்பும்போதெல்லாம் அவனை நம்பிய வேறு யாராவது சாவார்கள். பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் அறுநூறு பிரதிகள் அடித்துத் தபாலில் அனுப்புவாள். ஏழாம் இதழில் நீலன் சாகிறான் என்று ஆறாம் இதழின் பின்னட்டையிலேயே சொல்லியிருந்தாள்.

“நீதான எம்மூஞ்சியைப் போட்டுப் புஸ்தகம் விக்கவ?” என்றார் காசிலிங்கம்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. மூஞ்சியை மாத்திருதேன்.”

“மாத்துனா கெட்டது காரியம். நான் சாகணும். அச்சு அசலா நானே சாகணும்.”

கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி முத்துராணி ஒயர்கூடையோடு உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். கழுத்துக் கட்டியிலிருந்து சதை வெட்டிச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். இவர் போகவில்லை.

“எனக்கு நானே மாவு பிடிச்சுப் பாத்தேன். இறங்க மாட்டேங்கு. தன் பாவையைத் தான் பிடிச்சா ஆகாது, வேற கை வேணும். உன் கை எம்மூஞ்சிக்குப் பழகியிருக்கு.”

அவருக்கு வேண்டியது என்னவென்று யூனிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. “அண்ணாச்சி, அது அறுநூறு பேரு கையில போகும்லா?”

“அதான் விசேசம். ஒருத்தன் மிதிச்சாத்தான் சாவான். அறுநூறு பேருக்குப் பங்கு வச்சா ஆளுக்கு ஒரு தும்மல்.”

நீலன் பேசவேண்டிய வசனம். தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் யூனிஸ் முதலில் நினைத்தாள். பிறகுதான் தபாலுக்காக எழுதிவைத்த அறுநூறு முகவரிகள் நினைவுக்கு வந்தன. நம்பிக்கை இல்லை என்று வாயால் சொல்லலாம். அச்சகத்துக்கு அதைக் கொண்டுபோகக் கால் வராது.

“அச்சடிக்க மாட்டேன். கேக்காம முகத்தை எடுத்தது என் தப்பு. அதுக்காக வரைஞ்சு தாரேன், நீங்க கொண்டுபோங்க.”

அவர் சரி என்று தலையாட்டினார்.

வரைய ஒரு மணி நேரம் ஆனது. அசையாமல் இருக்கத் தெரியாத மனிதர். “புருவத்துல வெட்டு ஆழம் காணாது... கண்ணு அரைக்கண்ணாத் தெறந்திருக்கட்டும்...” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

“ஏங்க, செத்த ஆளு இவ்வளவு பேசாது. அந்தப் பிள்ளையை வரைய விடுங்க” என்றாள் முத்துராணி.

பென்சில் கோட்டுக்கு மேல் மை ஏற்றி, கழுத்து வீக்கத்தையும் சேர்த்து முடித்தாள். காசிலிங்கம் தாளை வாங்கித் தன் தலையை மூன்று முறை சுற்றித் தரையில் வைத்தார்.

“முச்சந்திக்குக் கொண்டுபோகலையா?” என்றாள் யூனிஸ்.

“தாளு காத்துல பறந்துரும். எவனும் மிதிக்காமப் போனா திரும்ப எங்கிட்டத்தான் வரும்.” சொல்லிவிட்டு அவர் யாரையும் பார்க்கவில்லை. பிறகு சுவரோரம் ஒரு தடவை பார்த்தார்.

முத்துராணி அந்தப் பார்வையைக் கவனித்தாள்.

“இதுக்குத்தான் என்னையும் கூட்டிட்டு வந்தீங்களோ?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் இருந்தது.

“நான் சொல்லலையே, ஏளா.”

“சொல்லமாட்டீங்க. சொன்னா பாவம் உங்களுக்குல்லா.”

யூனிஸ் குனிந்து தாளை எடுக்கப் போனாள். அதற்குள் முத்துராணி கூடையைக் கீழே வைத்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, வலது காலை நீலனின் முகத்தில் வைத்தாள். காயாத மை குதிகாலில் ஒட்டியது. காசிலிங்கம் தடுப்பார் என்று யூனிஸ் எதிர்பார்த்தாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முழுசா மிதிச்சியா?” என்றார்.

“மிதிச்சாச்சு.”

“இனி வீடு போய்ச் சேருத வரைக்கும் நான் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா எல்லாம் வீண். பின்னாலயே வா.”

கழுத்தைத் தடவியபடி படியிறங்கி, தெருவில் நேராக நடந்தார். முத்துராணி வாசல்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினாள். ஒரு வாரை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

“சீக்கிரம் போங்க அக்கா, அவங்க ரொம்பத் தூரம் போயிட்டாங்க” என்றாள் யூனிஸ்.

“போகட்டும். முப்பது வருசமா எப்படா இந்த மனுசன் திரும்பிப் பாக்காம நடப்பாருன்னு இருந்தேன்.” அவள் எழுந்தாள். “அம்பாசமுத்திரம் பஸ் எங்கன நிக்கும், தாயி? தம்பி வீடு அங்கதான்.”

யூனிஸ் எதிர்த்திசையைக் காட்டினாள். “அக்கா, நோயி உங்களுக்கு...”

“வரட்டும். அந்த நோயாச்சும் எங்கூட இருக்கேன்னு ஒத்துக்கிட்டு இருக்கும்லா.”

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். தெருவின் மறுகோடியில் காசிலிங்கம் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பின்னால் வருகிறவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். வண்டி வருகிறது, பைய வா என்று சொல்வதுபோல் ஒரு கையைப் பின்பக்கம் நீட்டியிருந்தார்.