வெள்ளைப் பொடியும் வீட்டு மாப்பிள்ளையும்

மீன் சந்தையில் அவர் வாயைத் திறந்தால் ஏலம் போடுகிறவனே ஒரு அடி பின்வாங்குவான். ஐஸைத் தாமதமாகக் கொண்டுவருகிறவன், தராசுத் தட்டில் விரல் வைக்கிறவன், நேற்றைய மீனின் செவுளுக்குச் சாயம் தடவுகிறவன் எல்லோரும் அந்த வாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அப்பேர்ப்பட்ட மீன்காரர், மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், பெட்டிப் பாம்பாகச் சுருண்டுவிடுவார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருக்கு ஒரே மகள். "மீன் வாடை அடிக்கிற வீடு" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போன சம்பந்தங்கள் எத்தனையோ. இந்த மாப்பிள்ளை ஒருவர்தான் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்து இரண்டாவது தடவையும் காபி கேட்டார். தங்கமான பிள்ளை என்று வீடே உருகியது. அவருக்குப் பிறந்ததிலிருந்தே மூக்கடைப்பு என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மாப்பிள்ளைக்கு சோபா விற்கிற கடையில் வேலை. சும்மா உட்கார்ந்து பார்க்க வந்தவனை பில் போடாமல் எழுந்திருக்க விடாத வாய். அந்த வாய் கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மீன்காரர் வீட்டுச் சோறும் துணியும் மகளின் படிப்பும் ஒரு டீசல் வேனிலிருந்து வந்தவை. பின்பக்கம் குளிர்பெட்டி வைத்த வேன். காலையில் சந்தையில் மீனை ஏற்றி, ஓட்டல்களின் பின்வாசல்களில் இறக்கிவிட்டு, மீதியோடு கடைக்கு வந்து சேரும். அதில் ஒரு சனிக்கிழமை மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கூடவே ஒரு வரியும் வந்தது: டெஃப் கோளாறு, இன்னும் எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்புறம் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது.

டெஃப் என்பது யூரியா கரைத்த தண்ணீர், வேறொன்றுமில்லை. டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட தனி டேங்கில் இருக்கும். அதை சைலன்சருக்குள் பூவாளி மாதிரி தெளித்துக்கொண்டே போனால் புகையில் உள்ள விஷம் அடங்கும். தெளிப்பு சரியில்லை என்றால் வண்டி கோபித்துக்கொண்டு கெடு வைக்கும். வட்டிக்காரன் வைக்கிற கெடுவாக இருந்தால் காலில் விழுந்தாவது பார்க்கலாம். வண்டிக்குக் கால் இல்லை, சக்கரம்தான்.

நீல மூடியைத் திறந்து ஊற்றுவதற்கு மேல் மீன்காரருக்கு அதில் ஒன்றும் தெரியாது. மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை சாப்பிட வந்தார்.

"என்ன மாமா, வண்டியில ஏதோ லைட் எரியுதாமே?"

"அது ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நாளைக்கு மெக்கானிக்கிட்ட..."

"மெக்கானிக்கா? எதுக்கு மாமா? நான் எதுக்கு இருக்கேன்?"

அந்தக் கேள்விக்கு மீன்காரரிடம் பதில் இருந்தது. மென்று விழுங்கினார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "மாப்பிள்ளையே பாக்கறேங்கறாரே, பாக்கட்டுமே" என்றாள். அந்தம்மாவுக்கு மாப்பிள்ளை பால் காய்ச்சினால்கூட அது தனி ருசி.

மாப்பிள்ளை போனில் எதையோ பார்த்துவிட்டு வண்டிக்குள் தலையை விட்டார். ஃபியூஸைப் பிடுங்கினால் வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் போய்விடும் என்பது அவருடைய முதல் சிகிச்சை. பிடுங்கினார், காத்திருந்தார், மாட்டினார். ஒரு விளக்கு எரிந்த இடத்தில் மூன்று எரிந்தன.

"பாத்தீங்களா மாமா, மருந்து வேலை செய்யுது!"

கிலோமீட்டர் கணக்கு மட்டும் தன் பாட்டுக்குக் குறைந்துகொண்டே வந்தது. அடுத்த ஞாயிறு வேறு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சைலன்சரில் புகையை மோந்து பார்த்துச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டாம். "வண்டியோட மூக்கு அடைச்சிருக்கு மாமா" என்று மாப்பிள்ளை தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். ஆன்லைனில் பழைய சென்சார் ஒன்றை வாங்கி வந்து, இருந்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். கழற்றியதை ஒரு துணியில் சுற்றித் தன் காருக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று மீன்காரர் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் ஏன் என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

இதற்கு நடுவில்தான் அந்த வெள்ளைப் பொடி. வண்டியின் அடியில், சைலன்சருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு குழாய் மூட்டைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. மாப்பிள்ளை தரையில் படுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"உப்பு மாமா. மேல இருந்து மீன் தண்ணி சொட்டிச் சொட்டிக் காஞ்சிருக்கு. வண்டியை இப்படியா வெச்சுக்கறது?"

கடைக்குத் தரை கழுவ வைத்திருந்த பிரஷர் பம்ப்பை எடுத்து அந்த இடத்தைப் பளபளவென்று கழுவிவிட்டார். அடுத்த வாரம் மறுபடி பூத்திருந்தது. மறுபடி கழுவினார்.

அது மீன் தண்ணீர் இல்லை என்பது மீன்காரருக்குத் தெரியும். மீனோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாமல் போகுமா? மீன் தண்ணீர் காய்ந்தால் பிசுபிசுப்பாகப் பழுப்பு ஏறும். தெருவிலுள்ள பூனையெல்லாம் வந்து நக்கும். இந்த வெள்ளையைப் பூனைகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. போதாததற்கு அந்த இடத்தில் குனிந்தால் பொதுக் கழிப்பறை மாதிரி ஒரு காரநெடி கண்ணைக் கரித்தது. மாப்பிள்ளைக்குத்தான் மூக்கு இல்லை, மீன்காரருக்கு இருந்தது. இருந்து என்ன பயன்? "ஆமா மாப்பிள்ளை, உப்புதான்" என்று சொல்லிவிட்டு ஹோஸைச் சுருட்டி வைத்தார்.

கெடு முடிந்தது ஒரு பெரிய ஓட்டலின் பின்வாசலில். பெட்டிகளை இறக்குவதற்காக என்ஜினை அணைத்தார். பழக்கதோஷம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சே விடவில்லை. இன்னும் நாலு இடத்துக்குப் போகவேண்டிய மீன் உள்ளே இருந்தது. குளிர்பெட்டி என்ஜினை நம்பி ஓடுவது. ஓட்டல் சமையல்காரர் கதவருகே வந்து, "வண்டியை எடுங்க, குப்பை லாரி வரணும்" என்றார். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து உருகிய ஐஸ் சொட்டத் தொடங்கியது. இது உண்மையான மீன் தண்ணீர். எங்கிருந்தோ மூன்று பூனைகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

மீனைக் கிடைத்த விலைக்கு அந்த ஓட்டலிலேயே தள்ளிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஸ்கேனர் அக்காவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ஸ்கேனர் அக்கா என்பது பட்டப்பெயர். அந்த ஊர் வேன்களுக்கெல்லாம் அவர்தான் கதி. கையில் எப்போதும் ஒரு ஸ்கேனர், வாயில் எப்போதும் தன்னைப் பற்றிய புகழ்ச்சி. மாப்பிள்ளையும் விஷயம் தெரிந்து வந்து சேர்ந்தார். தன் நோயாளியை இன்னொரு டாக்டரிடம் காட்டினால் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

அக்கா ஸ்கேனரை மாட்டினார். திரையைப் பார்த்தார். "பம்ப் போச்சு. இதைச் சொல்ல எனக்கு ஸ்கேனரே வேண்டாம்" என்றார். பிறகு டேங்கிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து ஒரு சின்னக் கருவியில் விட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். திரவம் சுத்தமாக இருந்தது. பம்ப்பை ஓடவிட்டு பிரஷரை அளந்தார். பம்ப் கிண்ணென்று ஓடியது. பிரஷர்தான் ஏறுவதும் சரிவதுமாக இருந்தது.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு. அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

வண்டியை மேலே தூக்கி அடியில் டார்ச் அடித்தார். அந்த மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பினார்.

"அண்ணே, இந்த டெஃப் லைன்ல குழாய் மூட்டு விண்டிருக்கு. டெஃப் இங்கேயே கசிஞ்சு போயிருது, தெளிக்கற இடத்துக்குப் போய்ச் சேரல. கசிஞ்சது காஞ்சா வெள்ளையாப் பூத்து நிக்கும். குருடன்கூடத் தடவிப் பாத்துச் சொல்லிடுவான். இங்க பொடியையே காணோம். யாரோ உக்காந்து கழுவியிருக்காங்க. யாரு அந்த அறிவாளி?"

மாப்பிள்ளை சுவரில் தொங்கிய டயர்களை எண்ணத் தொடங்கினார்.

"நான்தான்மா" என்றார் மீன்காரர்.

"உங்களுக்கு ஏன் இந்த வேலை? பிரஷர்ல அடிச்சு, பக்கத்து ஒயர் கனெக்டர் உள்ளே வேற தண்ணி ஏத்தியிருக்கீங்க. ஃபியூஸைப் பிடுங்கினது?"

"அதுவும் நான்தான்."

"வயசான காலத்துல கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா? தெரியலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட வரணும். ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா கால் மணி நேர வேலை."

மாப்பிள்ளை டயர்களை விட்டுவிட்டுத் திரும்பி, வருத்தமாகத் தலையை ஆட்டினார். "கரெக்ட் மேடம். நானும் சொன்னேன். மாமா கேக்கல."

மீன்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். மருமகன் முகம். சந்தையில் இப்படி ஒரு முகத்தைப் பார்த்திருந்தால் கையில் என்ன மீன் இருக்கிறதோ அதாலேயே விளாசியிருப்பார். மகள் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா அதற்குள் சைலன்சர் பக்கம் போயிருந்தார். "இது இந்த வண்டிச் சென்சாரே இல்லையே! நம்பர் வேற. வண்டி கேக்கற பாஷை வேற, இது பேசற பாஷை வேற. பழசு எங்கே? அது நல்லாத்தான் இருந்திருக்கும். அதை மாட்டினாப் போதும்."

பழியை ஏற்றுக்கொள்ளலாம், கையில் இல்லாத பொருளை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? மீன்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்தச் சென்சார் உங்க கார்லதானே இருக்கு?"

"அது வந்து மாமா... இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"ஆன்லைன்ல போட்டேன். உடனே ஒருத்தர் எடுத்துக்கிட்டார். நல்லா வொர்க் ஆகுதுன்னு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கார் மாமா!"

ஸ்கேனர் அக்கா டார்ச்சை அணைத்தார். பிறகு மீன்காரரின் வாய் திறந்தது. சந்தை வாய்.

"ஏன்யா! கெட்ட மீனை நல்ல மீனுன்னு வித்தவனை ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன். நல்லதைக் கெட்டதுன்னு கழட்டி வித்துட்டு, கெட்டதை நல்லதுன்னு காசு குடுத்து வாங்கிட்டு வந்தவனை இன்னிக்குத்தான்யா பாக்கறேன்! உப்பாம் உப்பு! பூனைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. மூக்குத்தான் அடைச்சிருக்குன்னு நெனைச்சேன், மூளையும் சேந்து அடைச்சிருக்கு! நீ சொன்னியாம், மாமா கேக்கலையாம்! நீ எப்பய்யா சொன்னே? இந்த வண்டியில இன்னொரு தடவை கை வெச்சே, உன்னைப் பெட்டியில போட்டு மேல ஐஸைக் கொட்டிருவேன்!"

மாப்பிள்ளை விடுவிடுவென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

ஸ்கேனர் அக்கா, "அண்ணே, இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் உங்களைத் திட்டியிருக்க மாட்டேனே" என்றார். திட்டியதற்காக ஒரு பைசா குறைக்கவில்லை.

வேலை என்னவோ ஒரு பகலில் முடிந்தது. விண்டிருந்த லைனை மாற்றினார். தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டார், அடைத்திருந்த வெள்ளைக் கட்டி சர்க்கரை மாதிரி கரைந்து போனது. அதை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் தெளிக்கவிட்டு, வர வேண்டிய அளவு வருகிறதா என்று பார்த்தார். ஒயர் கனெக்டரில் ஏறியிருந்த தண்ணீரைக் காற்றடித்து உலர்த்தினார். சரியான நம்பரில் புதுச் சென்சார் வாங்கி மாட்டினார். கடைசியில் கோளாறுகளை அழித்துவிட்டு, மீன்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றி ஓட்டினார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

வண்டி சரியாகிவிட்டது. ஆனால் மகள் என்ன சொல்வாளோ? சாயங்காலம் போன் வந்தது. மணி மூன்று தடவை அடித்த பிறகுதான் மீன்காரர் எடுத்தார்.

"அப்பா, அவரைத் திட்டினீங்களாமே?"

"வாய் தவறிடுச்சும்மா..."

"எங்க வாஷிங் மெஷினையும் அவர்தான் கழட்டிப் போட்டிருக்கார். ஒரு மாசமாக் கையாலதான் துவைக்கறேன். அதையும் சேத்துத் திட்டியிருக்கக் கூடாதா?"

மீன்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனைவி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. "ஆயிரம் இருந்தாலும் மாப்பிள்ளை. நாலு பேருக்கு முன்னாடியா பேசறது?" என்றாள். நாலு பேர் எங்கே இருந்தார்கள், ஸ்கேனர் அக்கா ஒருத்திதானே என்று அவர் கேட்டதற்கு, "அவ நாலு பேருக்குச் சமம்" என்றாள். அதை மட்டும் மறுக்க முடியவில்லை.

இரண்டு ஞாயிறு மாப்பிள்ளை வரவில்லை. மூன்றாவது ஞாயிறு ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தார். அன்றைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரும் சாப்பிட வந்திருந்தார்.

"வேன் நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டேனே?" என்றார் அவர்.

"டெஃப் லைன்ல லீக்" என்றார் மாப்பிள்ளை, கையை நக்கிக்கொண்டே. "அடியில வெள்ளையாப் படியும். பாத்ததுமே கண்டுபிடிச்சிடலாம். நிறையப் பேருக்குத் தெரியாது."

கடைக்காரர் வியந்து போனார். மீன்காரரின் மனைவி அவர் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்து, வாயை அடைக்கிற பார்வை ஒன்று பார்த்தாள். மீன்காரர் மீனையும் வார்த்தையையும் சேர்த்து மென்றார். ஒரு தடவை திட்டியாயிற்று, அதுவே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அப்போது மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் காதைக் கூர்மையாக்கினார். கடைப் பக்கத்திலிருந்து ஐஸ் மிஷின் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"மாமா, அந்தச் சத்தம் ஒரு மாதிரியா இல்ல?"

மீன்காரர் எச்சில் கையோடு எழுந்து போய், ஐஸ் மிஷினுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளையின் கார் தெருமுனை திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை.