அத்தான் கண்டுபிடித்த மேட்

அத்தான் உள்ளே நுழைந்தாலே புத்தகக் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். அட்டை பளபளக்க வேண்டும், தலைப்பில் 'ரகசியம்' என்று இருக்க வேண்டும். உள்ளே என்ன எழவு இருந்தாலும் சரி, அந்தச் செஸ் புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும். அக்காவின் துணி அலமாரியில் இரண்டு தட்டு அவருடைய அறிவுக்கு ஒதுக்கியாயிற்று. பலகையை விரித்து ஒரு ஆட்டத்தையாவது காய் நகர்த்திப் பார்ப்பாரா? கட்டிலில் மல்லாந்து படுத்து, நாவல் மாதிரி புரட்டுவார். எதிரி ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கும் 'இரண்டு நகர்த்தலில் மேட்' புதிர்கள் என்றால் உயிர். டீ ஆறுவதற்குள் பக்கம் பக்கமாக முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

என்னிடம் இருப்பது ஒரே புத்தகம். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தைப் பற்றியது. விடையைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, பலகையோடு மாரடித்துத்தான் ஒவ்வொரு பக்கத்தையும் தாண்டினேன். அதன் முதுகு பிய்ந்து, பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.

"இன்னுமா அதையே கட்டிக்கிட்டு அழுற?" என்பார் அத்தான்.

நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கின் செஸ் அணியில் ஒரு இடம் காலியானது. கேட்டது நாங்கள் இருவர்தான். ஆடி ஜெயிப்பவருக்கு இடம் என்றார் மேலாளர். அத்தான் அன்றைக்கே அணிச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டார். மச்சினியிடம் தோற்பதாவது!

சனிக்கிழமை மதிய இடைவேளையில், பேக்கிங் மேசையில் ஆடினோம். பொய் சொல்வானேன், தொடக்கத்தில் என்னைச் சாத்து சாத்தென்று சாத்தினார். அந்த நகர்த்தல்களெல்லாம் மனப்பாடம். ஒரு கட்டத்தில் என் ராஜா மூலையில் முழித்துக்கொண்டு நின்றது. அவர் ராணியைப் பலி கொடுத்தால் அடுத்த நகர்த்தலில் யானையால் மேட். எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தான் நெற்றியைத் தேய்த்தார், விட்டத்தைப் பார்த்தார், ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டார். பிறகு யானைகளும் போயின. ராஜாவும் சிப்பாய்களும் மிஞ்சினால் அது என் பேட்டை. இடம் எனக்குக் கிடைத்தது.

"நேரம் சரியில்ல," என்றார். "படிச்சதுல எதுவுமே வரல."

மறுநாள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்து, அந்தக் கட்டத்தை அப்படியே அடுக்கினேன்.

"அத்தான், வெள்ளை ஆடணும். ரெண்டு நகர்த்தல்ல மேட்."

அவர் உட்காரக்கூட இல்லை. "ராணியக் குடு, யானை மேட். சின்னப் புள்ள கணக்கு." அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆனா நல்லாயிருக்கு. எந்தப் புத்தகம்? வாங்கிடறேன்."

"நேத்து நீங்க தோத்த ஆட்டம்."

அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அத்தான் இப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மேட் இருக்குன்னு நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார், என்மேல் நிஜமாகவே வருத்தப்பட்டு.