நான்காவது இருக்கை

மூன்று பேர்தானே ஏறினார்கள், தட்டல் எப்படி நான்கு?

அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பட்டறைத் தரையில் ஒட்டுப்பலகையால் அடித்து நிறுத்தியிருந்த மாதிரி வண்டி அவள் வரைந்தது. தண்ணீர், ஏணி, இடிபாடு அறுக்கும் கருவி என்று மூன்று தீயணைப்பு வண்டிகள் பார்த்த வேலையை இனி ஒன்றே பார்க்க வேண்டும். நிலையத்தில் ஆள் அவ்வளவுதான். முழு உடுப்போடு அந்த மூன்று வீரர்களையும் உட்காரவைத்து, முழங்கால் எங்கே இடிக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள்.

உட்கார்ந்ததும் ஆளுக்கொரு முறை பக்கப் பலகையைத் தட்டுவது அவர்கள் வழக்கம். மூவரில் ஒருவன், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவன், அவளுடைய அண்ணன். திரும்பிப் பார்க்க மாட்டான். தானும் தட்டிவிட்டு, சத்தத்தை எண்ணித்தான் வண்டியை எடுப்பான்.

யாரோ கை அரித்து இரண்டு முறை தட்டியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி ஏறச் சொன்னாள். இந்த முறை கைகளையே பார்த்தாள். மூன்று கைகள். நான்கு தட்டல்கள். கடைசி சத்தம் காலி இருக்கையின் பக்கத்திலிருந்து, அவசரமே இல்லாமல் வந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணனின் கை சாவி இருக்கவேண்டிய இடத்துக்குப் போனது.

"பச்சை மரம், அதான் சத்தம் போடுது," என்றார் மூத்த வீரர், யார் முகத்தையும் பார்க்காமல். "இன்னும் காட்டு நெனப்பு போகல."



அந்தக் காலி இருக்கைக்காரர் போன வருடம் ஒரு கிடங்குத் தீக்குள் போனவர், திரும்பவில்லை. துணைக்கு உள்ளே போக அன்று ஆளில்லை. அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. அந்த இருக்கையை எடுத்துவிட்டால் தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கலாம், ஆள் கேட்டு மேலே எழுதும் தலைவலியும் ஒழியும் என்று அதிகாரி இரண்டு வாரமாகச் சொல்லிவருகிறார். அவள்தான் பிடிகொடுக்காமல் நாளைக் கடத்தினாள்.

அண்ணன் அவளைத் தனியே அழைத்துப்போனான்.

"அதை எடுத்துடும்மா. காலியா கெடக்குறதாலதானே வந்து உக்கார்றான்."

"எத்தனை நாளா கேக்குதுண்ணே?"

"பழைய வண்டியில தெனமும். நாலாவது கேக்காம எனக்கு வண்டி எடுக்கவே வரல. ஒரு நாள் அவன் தட்டலன்னா, தீ எரிஞ்சிட்டிருக்கும், நான் காத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அதான் பயமா இருக்கு."

வரைபடத்தை விரித்து, சிவப்புப் பேனாவை நீட்டினான். அந்த இருக்கை மேல் ஒரு கோடு போதும் என்றான்.

கோடு போட்டால் அவர் வருவது நிற்குமோ என்னவோ, அந்த இடத்துக்கு உயிரோடு ஒருவர் வருவது நிச்சயம் நின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த முறை துணையில்லாமல் உள்ளே போகிறவன் அண்ணனாகவே இருக்கலாம்.

பேனாவை வாங்கி, மூடியை மாட்டி, அவன் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"நாலு சீட்டும் இருக்கட்டும்ணே."