குடோன் எண் பதினேழின் கடைசிப் பாகம்

என் மூன்றாவது நாவலின் கொலையாளி யாரென்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று இசக்கிசெல்வி. அப்படியிருக்க, 'கொலையாளி யார்?' போட்டிக்கு வந்த நாற்பத்தொரு போஸ்ட் கார்டிலும் சரியான விடை இருந்தால் என்ன அர்த்தம்? நான் சொல்லவில்லை. மிச்சம் யார் என்று கணக்குப் போட பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ராமர். பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரி. அப்பா முனிசிபாலிட்டி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த வழியில் எனக்கும் கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை. மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடையை எட்டிப்பார்ப்பதுதான் உத்தியோகம். முன்வாசலில் கோலம் போட்டு, சிரித்துப் பேசி, சாயா வேண்டுமா என்று கேட்கிற வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும் சங்கதி. இருபது வருஷம் பின்பக்கம் பார்த்தவனுக்குத் துப்பறியும் கதை எழுத வராமல் வேறென்ன வரும்?

ஆனால் ஒரு குறை. எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது தெரியும், யாரிடமும் கேட்காமல் பாடப்புத்தகம் வாங்கி நானே படித்துக்கொண்டேன். நான் சொல்வது தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துக் கதை. அப்போது நான் பேசுவது தமிழ், யோசிப்பது தமிழ், எழுதுவது மட்டும் மலையாள எழுத்தில். படித்த பள்ளிக்கூடம் அப்படி. நாங்கள் குடியிருந்த முனிசிபாலிட்டி லைன் வீடுகளில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். என் கதைகளில் துப்பறிகிறவன் பெயர் பரமன். 'பரமன் உள்ளே நுழைந்தான்' என்ற தமிழ் வாக்கியத்தை மலையாள எழுத்தில் நோட்டில் எழுதிவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை நான் உரக்க வாசிக்க, இசக்கிசெல்வி தமிழில் எழுதுவாள்.

இசக்கிசெல்வி கடையநல்லூர்க்காரி. பிளஸ் டூ படித்தவள். பஜார் ரோட்டில் ஒரு சுக்கு குடோனில் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் இசக்கிராஜா எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். நான் எழுதிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டபோது ஒரு பைசா வேண்டாம் என்றாள். "கத கேக்கதுக்கு யாராவது துட்டு வாங்குவாவளா அண்ணாச்சி?" என்று சிரித்தாள். எனக்கு அப்போதே சின்ன உறுத்தல். சும்மா செய்கிறவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆகவே முதல் நாவலுக்கு முன்னாலேயே மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினேன், கதையை வெளியே சொல்வதில்லை என்று. அவள் மறுபேச்சுப் பேசாமல் எரிகிற கற்பூரத்தின்மேல் கையை வைத்து அணைத்தாள். என் மனைவி காளியம்மை கோயில் என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நிங்களுக்கு வட்டாயோ, பைத்தியமோ? ஒரு கதைக்கு எந்துக்கு சத்தியம்? அவ புருஷன்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டான்."

"நீ மிண்டாம சும்மா இரி. இது என் பிழைப்பு" என்றேன்.

பிழைப்பு என்று சொன்னது பொய். உயிர் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு நாவல்கள் வந்தன. வெங்கிடேஸ்வரன் பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகைக்காக வைத்திருந்த தமிழ் எழுத்தில் அச்சடித்து, நானே தைத்து, எர்ணாகுளம் மார்க்கெட், கட்டட வேலைக்காரர்கள் காலையில் கூடும் இடம், பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடை என்று நானே கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். மூன்றாவது 'குடோன் எண் பதினேழு'. இதை மாதம் ஒரு பாகமாக நான்கு பாகம் போடத் திட்டம். மூன்றாம் பாகத்தின் பின்அட்டையில் போட்டி. சரியாகச் சொல்லும் ஒருவருக்குச் சுவர்க் கடிகாரம். இரண்டு பாகம் வந்ததுமே கோயம்புத்தூரிலிருந்து ஒரு புத்தக ஏஜென்ட் போன் செய்தார். "நாலு பாகத்தையும் முடிச்சு ஒண்ணா பைண்ட் பண்ணி, தீபாவளிக்கு முன்னாடி அனுப்புங்க. தமிழ்நாடு பூரா போட்டுடலாம்" என்றார். அன்றைக்கு நான் கொசு மருந்தே அடிக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு கடையில், ஒரு கயிற்றில், என் பெயர் தொங்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

கடைசிப் பாகத்தில் பாதி எழுதியாகிவிட்டது. கொலையாளி குடோன் கணக்குப்பிள்ளை சங்குண்ணி என்பது அந்தப் பாதியில் வெளிவந்துவிடும். அதை வாசித்த அன்றுதான் இசக்கிசெல்வி பேனாவை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா? இந்தத் தடவ சங்குண்ணிய விட்டுருவமா? வேற யாரையாவது போடுவோம்."

"எந்துக்கு?"

"பாவம்லா. பரமனுக்குச் சாயா வாங்கிக் குடுத்து, சாவி தேடிக் குடுத்து, எவ்வளவு ஒத்தாசை பண்ணுதான்."

"அதனாலதான் அவன்மேல யாருக்கும் சந்தேகம் வராது. கதை என்னோடதா, உன்னோடதா?"

அவள் மறுபடி பேனாவை எடுத்து எழுதினாள். ஆனால் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் மாற்றச் சொல்கிறாள்? இன்னொன்றும் ரொம்ப நாளாகக் கவனித்து வந்தேன். நான் ஒரு வரி சொன்னால் அவள் பேனா இரண்டு வரி ஓடும். கேட்டால், "நீங்க 'மனசிலாயி'ங்கீய, அங்க உள்ளவங்களுக்கு அது வெளங்காதுல்லா, அதான் வெளங்குத மாதிரி எழுதுதேன்" என்பாள். பிரஸ்காரர் வெங்கிடேஸ்வரனிடம் ஒருமுறை ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வெங்கிடேஸ்வரன்மேலும் சந்தேகம் வந்தது. அவள் எழுதியதை அவர் ஏன் அவ்வளவு புகழ வேண்டும்?

போட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கார்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தேன். தமிழ் எழுத்துத்தான் எனக்கு அறவே ஓடாதே. ஜன்னலைச் சாத்தினேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"சங்குண்ணி."

அடுத்தது. "சங்குண்ணி."

அடுத்தது. "சங்குண்ணி, அண்ணாச்சி."

பத்தாவது கார்டில் எனக்கு வேர்த்தது. இருபதாவதில் எழுந்து நின்றுவிட்டேன். நாற்பத்தொன்றும் முடிந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது ஒன்று போதாதா?

"பேர் மட்டும்தான் வாசிக்கிற. கார்டு நிறைய எழுதியிருக்கே. மிச்சம் எந்தா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா, நலம் விசாரிச்சிருக்காவ."

"நாப்பத்தொரு பேரும் நலமா விசாரிச்சிருக்காங்க? இந்தக் கார்டைப் பாரு, விளிம்பு வரைக்கும் எழுதியிருக்கான். வாசி."

அவள் கார்டைக் கவிழ்த்து வைத்தாள். "வேண்டாம் அண்ணாச்சி."

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது இதுதான். என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று இப்போது எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஓட்டலில் புருஷன் மூலமாகக் கதையைப் பரப்பிவிட்டாள் என்றேன். என் நாவலைத் தன் பெயரில் கோயம்புத்தூருக்கு அனுப்பப் பார்க்கிறாள் என்றேன். கற்பூரத்தில் பொய்ச் சத்தியம் செய்த கை அழுகும் என்றும் சொன்னேன். சமையல்கட்டிலிருந்து காளியம்மை ஓடிவந்து, "பகவானே, எந்தொரு வர்த்தமானம் இது!" என்று என் வாயைப் பொத்தினாள்.

இசக்கிசெல்வி அழவில்லை. பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தாள். "வாரேன் மைனி" என்று காளியம்மையிடம் மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். குற்றமில்லாதவள் இப்படிப் பேசாமல் போவாளா என்று அன்று சாயங்காலம் வரை யோசித்தேன்.

மறுநாள் லீவு போட்டேன். கார்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு போட் ஏறி எர்ணாகுளம் போனேன். பாதிக் கார்டு மார்க்கெட் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. தபால் முத்திரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். இசக்கிராஜாவின் ஓட்டலும் அங்கேதான். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் என் எண்ணம்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. ஓட்டலின் பின்கட்டில் இசக்கிராஜா மாவு பிசைந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். முந்தின நாள் நடந்தது அவனுக்குத் தெரியவில்லை. அல்லது தெரியாத மாதிரி நடிக்கிறான்.

கார்டுக் கட்டை எடுத்து மேடையில் போட்டேன். "சங்குண்ணின்னு இவங்களுக்கெல்லாம் யார் சொன்னது?"

அவன் முழித்தான். அப்புறம் சிரித்துவிட்டான். பாத்திரம் கழுவுகிற இடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ஏ முத்துராமலிங்கம், குடோன் கதையில கொலகாரன் யாரு?"

"சங்குண்ணிதான்" என்றார் அங்கே இருந்த நரைமுடிக்காரர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"எப்படிச் சொல்லுதீரு?"

"ராமர் கதையில யாரு கூடமாட ஒத்தாசை பண்ணுதானோ அவந்தானய்யா கொலகாரன். முத பொஸ்தகத்துல அந்த டிரைவரு. ரெண்டாவதுல நர்சம்மா. இதுல இவன் சாயா கொண்டாந்து குடுத்தாம் பாத்தியா, அப்பமே முடிஞ்சு போச்சு. நாங்க கார்டு எழுதுனதே கடிகாரத்துக்காகத்தான்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஓட்டல் அடுப்புச் சூடு காதில் அடித்தது.

"செல்வி உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"அவளா? வீட்டுல கதையப் பத்தி வாயத் தொறக்க மாட்டா. கேட்டா, அண்ணாச்சிக்குச் சத்தியம் பண்ணிருக்கேம்பா. நானே பொஸ்தகம் வாங்கித்தான் படிக்கேன், பாத்துக்கிடுங்க."

விளிம்பு வரை எழுதியிருந்த அந்தக் கார்டைத் தேடி எடுத்து அவனிடம் நீட்டினேன். வாசிக்கச் சொன்னேன். அவன் முதலில் தனக்குள் வாசித்தான். சிரிப்பு போய்விட்டது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றான் அவனும்.

"வாசிடா."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். 'ராமர் அவர்களுக்கு வணக்கம். கொலையாளி சங்குண்ணி. ஏனென்றால் கதையில் அவன் ஒருவன்தான் நல்லவன். உங்களுடைய மூன்று கதையும் படித்துவிட்டேன். நடை நன்றாக இருக்கிறது. உங்களுக்கு நல்லது செய்கிறவர்கள்மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றுதான் புரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.'

இதைத்தான் அவள் எனக்கு வாசிக்காமல் மறைத்தாள். நான் அவமானப்படக் கூடாது என்று மறைத்தாள். எனக்கு அழுகை வந்தது. புரோட்டா மாவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவதா என்று அடக்கிக்கொண்டேன். இசக்கிராஜா சாயா கொண்டுவந்து வைத்தான். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி போட் ஏறி நேரே பஜார் ரோடு. குடோன் விடுகிற நேரம். பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார்கள். இசக்கிசெல்வியின் புருவத்தில்கூடச் சுக்குத் தூள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"தப்பாயிருச்சும்மா. மன்னிச்சுரு" என்றேன். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்னது அது ஒரு தடவைதான்.

"சரி அண்ணாச்சி."

"கடைசிப் பாகத்தை எழுதித் தரணும். தீபாவளிக்கு இன்னும் ஒண்ணரை மாசம்தான் இருக்கு. நீ சொன்ன மாதிரி சங்குண்ணிய விட்டுருவோம். முதலாளியப் போடுவோம், இல்லேன்னா அவன் மச்சான். நீ சொல்ற ஆளைப் போடலாம்."

"நான் ஆள் சொல்லல அண்ணாச்சி. எழுதித் தாரேன். ஆனா ஒண்ணு." அவள் குரலில் கோபமே இல்லை. "தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள உங்க பக்கத்துல உக்கார வையுங்க. நான் எழுதுத ஒவ்வொரு பக்கத்தையும் அவுக வாசிச்சு, நீங்க சொன்னதுதான் இருக்குன்னு சொல்லட்டும். உங்களுக்கு நம்பிக்கையான ஆளா இருக்கணும். இன்னொரு தடவ என்னால அந்தப் பேச்சுக் கேக்க முடியாது."

"இதுதானா? ஞாயிற்றுக்கிழமை ஆளோட வரேன்" என்றேன்.

நடந்துகொண்டே யோசித்தேன். வெங்கிடேஸ்வரன்? பிரஸ்காரன், முடிவு தெரிந்தால் எனக்குத் தெரியாமல் நூறு காப்பி கூட அடித்து விற்றுவிடுவான். கோயில் பூசாரி பிச்சுமணி நன்றாக வாசிப்பார். ஆனால் அவர் நாக்குக்குக் கோயில் மணி தேவலை. லாட்டரி விற்கிற கமலாக்ஷி எல்லாரிடமும் தேனாகப் பேசுகிறாள், ஏதோ காரணம் இருக்கும். பெரிய மாமன் மகன் திருநெல்வேலியில் படித்தவன். சொந்தக்காரனைப் போல ஆபத்து வேறில்லை. இசக்கிராஜா? அவள் புருஷன், அவள் பக்கம்தான் சொல்வான்.

வீட்டுக்கு வந்ததும் காளியம்மை விஷயம் கேட்டாள். சொன்னேன்.

"நல்ல காரியமல்லே. யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆலோசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடுத்த ஞாயிறும் வந்தது. பேனாவும் நோட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. காளியம்மை நடுவில் ஒருநாள், "இவ்வளவு பெரிய கொச்சியில நிங்களுக்கு ஒரு ஆள் கூடவா இல்ல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, பதில் வேண்டாம் என்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

தீபாவளி போயிற்று. கோயம்புத்தூர்க்காரர் இரண்டு முறை போன் செய்து பார்த்து விட்டுவிட்டார். 'குடோன் எண் பதினேழு' கடைசிப் பாகம் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று ஒரு வாசகர்கூடக் கார்டு போடவில்லை. அவர்களுக்குத்தான் கொலையாளி யாரென்று தெரியுமே.