லெஸ்டர் எறிய வேண்டிய கோடாலி

இரும்பைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ரோனி நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்ததோடு விட்டாளா, சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தாள்.

ஆற்றங்கரைப் பூர்வகுடி ஊரான கானவாகேயில் ஞாயிறு காலை என்றால் மாட்டிறைச்சியும் சோளரொட்டியும்தான். அக்கா லுவானா வீட்டில் அன்று பேச்சு முழுக்க ஒரு வேலையைப் பற்றி. லுவானாவின் கணவர் லெஸ்டர் நியூயார்க்கில் வானளாவிய கட்டடங்களில் இரும்புச் சட்டம் கோக்கிறவர். கிரேன் தூக்கி வரும் உத்தரத்தை அந்தரத்தில் பிடித்து முதல் போல்ட்டைப் போடுகிற வேலை. அதற்கு எப்போதும் இரண்டு பேர், முனைக்கு ஒருவர். அவருடைய ஜோடிக்காரர் பாஸ்டனுக்குப் போய்விட்டார். ரோனி அங்கேயே ஆறு வருடமாக அவர்களுக்குப் பின்னால் வந்து மிச்ச போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தக் காலி இடத்தின் மேல் அவளுக்கு ஆசை என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. வெறி.

"அத்தான், மேஸ்திரிகிட்ட யார் பேரச் சொல்லப் போறீங்க?"

"ஆர்லன்." ஆர்லன் அவருடைய தங்கை மகன்.

"அவனா? அவன் ஷூ லேஸ் கட்டவே ரெண்டு பேர் வேணும்! இரும்பப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

"நீ மட்டும் என்னவாம்? எவனோ செஞ்சு அனுப்புற இரும்ப முறுக்குற. நீயா ஒரு சாமான் செஞ்சிருக்கியா?"

"செஞ்சா?"

லெஸ்டர் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி சிரித்தார். "ஒரு டோமஹாக் அடிச்சுக் கொண்டா, நம்ம எறிகோடாலி. இந்தக் கோடைத் திருவிழாவுல அதத்தான் எறிவேன். நாலு வருஷமா ஜெயிச்ச கை இது. எறிஞ்சு பார்த்துட்டு உன் பேரச் சொல்றதா வேணாமான்னு சொல்றேன்."

"நான் சாட்சி," என்றாள் லுவானா. அவர் விளையாட்டுக்குச் சொன்னார். சாட்சி வந்த பிறகு அது விளையாட்டில்லை.

ரோனி கொல்லையில் உலை போட்டாள். லாரியின் பழைய பிரேக் டிரம்மில் கரி, ஊதுவதற்கு அக்காவின் ஹேர் டிரையர், பட்டறைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு. வாரம் பூராவும் நியூயார்க், சனி ஞாயிறு மட்டும் வீடு என்பதால் நாலைந்து வாரத்துக்கு வேலை இழுத்தது. முதல் துண்டைத் தீயிலேயே மறந்து உருக்கினாள். மறுபடி ஒரு லாரி அச்சுத் துண்டை வெட்டி எடுத்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆரம்பித்தாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சம்மட்டி பிடித்தது லுவானா.

"நேரா அடி அக்கா!"

"நேராத்தான்டி அடிக்கிறேன். உன் இரும்புதான் நெளியுது."

"இரும்பு நெளியல. நீ கண்ண மூடிக்கிற."

"பொறி பறந்தா மூடாம? நான் என்ன கிறுக்கியா, உன்ன மாதிரி?"

சிவக்கக் காய்ந்த இரும்பில் உளியால் வாய் திறந்து, காம்புக்குத் துளை போட்டாயிற்று. துளையை அகட்டுவதற்கு ரோனி எடுத்தது, தினமும் இடுப்பில் தொங்குகிற கூம்பு ஆணி. உத்தரத்துத் துளையும் தூணின் துளையும் ஒன்றோடொன்று ஒட்டி வராதபோது இடையில் விட்டு அடிக்கிற ஆணி அது. ஆறு வருடப் பழக்கத்தில் கை தானாக அடித்தது, ஒரே பக்கமிருந்து. அதனால் துளைக்கு ஒரு வாய் அகலம், ஒரு வாய் குறுகல். சுத்தியலுக்குக் கீழே இருந்துதானே காம்பு ஏறும், ஆகவே அகல வாய் கீழே என்று முடிவு கட்டினாள். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற ஆளா அவள்! அந்தக் கணக்கை வைத்தே வெட்டுவாயைத் தட்டி நீட்டி, கீழ்முனையைத் தாடி போல இறக்கினாள். அழகான தாடி.

சிவக்க வைத்து எண்ணெயில் முக்கினாள். பிறகு லுவானாவின் அடுப்பில் வைத்து, சோளரொட்டி நிறம் வரும்வரை பதப்படுத்தினாள். வீடெல்லாம் எண்ணெய்ப் புகை.

"இனி என் ரொட்டியில லாரி வாடைதான் வரும்," என்றாள் லுவானா. ஆனாலும் கோடாலியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நாம செஞ்சதாடி இது?" என்றாள்.

திருவிழா சனிக்கிழமை மதியம். அன்று காலை ரோனி காம்பைக் கீழேயிருந்து ஏற்றி, மேலே ஆப்பு இறக்கி, கொல்லையில் நட்டு வைத்திருந்த மரத்துண்டில் எறிந்து பார்த்தாள். சதக்கென்று பாய்ந்தது. இன்னொரு தடவை. மறுபடி பாய்ந்தது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆற்றில் போன சரக்குக் கப்பலைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

கோடாலியைப் பிடுங்கும்போது ஒரு சின்ன அசைவு. பார்த்தாள். தலை ஒரு நகக்கண் அளவு மேலே ஏறியிருந்தது. ஆப்பை அடித்து இறுக்கி மறுபடி எறிந்தாள். மறுபடி ஏறியது.

அப்போதுதான் உறைத்தது. மேல் வாய் குறுகல். ஆப்பு விரிந்து பிடிக்க அங்கே இடமில்லை. பிக்காசுக்குப் போடுவது போல இதற்கும் காம்பு மேலேயிருந்து இறங்க வேண்டும். காம்பின் தடித்த நுனி மேலே நிற்க, எறிய எறியத் தலை அதில் போய்த் தானே இறுக வேண்டும். அவள் எல்லாவற்றையும் அப்படியே தலைகீழாகச் செய்து வைத்திருந்தாள்.

ஆப்பை ஓங்கி அடித்து, மேலே கொஞ்சம் பிசினும் தடவினால் இரண்டு எறிக்குத் தாங்கும் என்று தோன்றியது. பார்ப்பதற்கும் ராஜா மாதிரி இருக்கும். மூன்றாவது எறியில் லெஸ்டரின் கையிலிருந்து தலை மட்டும் கழன்று போகும். எறிகளத்தைச் சுற்றிக் கயிறுதான் கட்டியிருப்பார்கள், கயிற்றுக்குப் பின்னால் பாதி ஊர் நிற்கும்.

ரோனி அந்த யோசனைக்காகத் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டாள். காம்பைத் தட்டிக் கழற்றினாள். தலையைக் கவிழ்த்து, ஒரு நுனி தடித்த புதுக் காம்பைச் சீவி மேலேயிருந்து இறக்கினாள். கச்சென்று உட்கார்ந்தது. அசைக்க முடியவில்லை. ஆனால் தாடி இப்போது வானத்தைப் பார்த்தது.

களத்தில் லெஸ்டர் அதை வாங்கிக் கையில் பிடித்ததுமே சிரிப்பு கிளம்பிவிட்டது.

"என்னப்பா இது, தாடி உச்சந்தலையில முளைச்சிருக்கு!"

"லெஸ்டர், அத எறியிறதா, சீவி விடுறதா?"

ஆர்லன் கடையில் வாங்கிய பளபளக்கும் கோடாலியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரோனிக்கு முகம் எரிந்தது. குரலை மட்டும் இறக்கவில்லை.

"தலைகீழாத்தான் இருக்கு அத்தான். துளைய நான் தப்பான பக்கமிருந்து அடிச்சிட்டேன். தாடி கீழ வர்ற மாதிரி மாட்டினா தலை கழண்டுடும். இப்படி மாட்டினா கழலாது. இழுத்துப் பாருங்க."

லெஸ்டர் இழுத்தார். தலையை மரக்கட்டையின் விளிம்பில் மாட்டி, காம்பைப் பிடித்து முழு உடம்பையும் சாய்த்து இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கோட்டில் போய் நின்றார்.

மரத்துண்டின் நடுவில் ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டை ஆணியடித்திருந்தார்கள். அதை வெட்டினால் வெற்றி. முதல் எறி சுழற்சி பிசகிக் காம்பு மோதி விழுந்தது. இரண்டாவது பாய்ந்தது, சீட்டுக்கு ஒரு சாண் தள்ளி. மூன்றாவது இரண்டு விரல் தள்ளி. அதற்குப் பிறகு வந்த ஆர்லன் சீட்டை இரண்டாகக் கிழித்தான். நாலு வருடத்தில் முதல் தடவையாக லெஸ்டர் தோற்றார், ஊர் பார்க்க, ஒரு தலைகீழ் கோடாலியோடு.

"போச்சு," என்று லுவானா தங்கையின் காதில் சொன்னாள். ரோனி அப்படியும் தலையை நிமிர்த்தியே நின்றாள்.

லெஸ்டர் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, முகத்தில் கடுகடுப்பு.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"இன்னிக்குக் காலையில."

"ஆப்ப இறுக்கி மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"ஊரு சிரிச்சிருக்காது."

"அதுவும்தான்."

அவர் கோடாலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அங்கேயே நின்று போனை எடுத்தார். மேஸ்திரிக்குத்தான். "லெஸ்டர் பேசுறேன். ஜோடிக்கு ஆள் கேட்டீங்களே... இல்ல, ஆர்லன் இல்ல. அவன் இங்க ஜெயிச்சிட்டு ஆடிக்கிட்டிருக்கான், ஆடட்டும். என் கொழுந்தியா. ஆமா, போல்ட் முறுக்குறவதான்." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். லெஸ்டர் ரோனியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"தப்புப் பண்ணுவாளாவா? பண்ணுவா. பெரிசாவே பண்ணுவா. ஆனா அத நம்பி நான் கை வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுவா."